வேப்பெண்ணெய் தொட்ட விரல்

தாட்சாயணி ஆஷா வேலைக்கு, அதாவது அரசாங்கத்தின் ஊர்ச் சுகாதாரப் பணிக்கு, வந்து ஆறு வருடம் ஆகிறது. நாகலாபுரத்திலிருந்து சத்தியவேடு போகிற ரோட்டில், பஸ் நின்றால் இரண்டு பேர் இறங்கி நான்கு பேர் ஏறுகிற அளவில் ஒரு ஊர். அந்த ஊரில் எந்த வீட்டில் யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பது புருஷனுக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரியும். கர்ப்பமான பெண்களுக்கு மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பாள். வலி வந்தால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூடவே போவாள். பிள்ளைகளுக்கு ஊசி போடுகிற தேதியை வாசலில் நின்று நினைவுபடுத்துவாள். பிறகு எல்லாவற்றையும் ஃபோனில் ஏற்றுவாள். ஊருக்கு அவள் ஆஷாக்கா. டீக்கடையில் மட்டும் இன்னொரு பேர் உண்டு: பாலக்கா. எந்த வீட்டில் என்ன பேச்சு எடுத்தாலும் கடைசியில் தாய்ப்பாலில்தான் வந்து நிற்பாள் என்பதால் வைத்த பேர். அது அவள் காதுக்கும் வந்திருந்தது. கோபம் வரவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பெருமைப்பட அவளிடம் காரணமும் இருந்தது. கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்துப் பிறந்த மகள் தரணி, பிறக்கும்போது இரண்டு கிலோவைத் தொடவில்லை. திருப்பதி ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். உறிஞ்சத் தெம்பில்லாத பிள்ளை. தாட்சாயணி இரண்டு மணிக்கொரு தரம் உட்கார்ந்து, கையால் பிழிந்து, முதல் நாள் சங்கின் அடிகூட நனையாத அளவு, நான்காம் நாள் அரைச் சங்கு, பன்னிரண்டாம் நாள் இரண்டு சங்கு என்று பாலைக் கொண்டுவந்தாள். அங்கிருந்த நர்ஸம்மா மற்ற தாய்மார்களை அழைத்துவந்து, "இவளைப் பாருங்கள்" என்று காட்டினார்கள். அதை அவள் மறக்கவே இல்லை. மற்றவர்களையும் மறக்க விடவில்லை.

ஜூன் மாதம் அங்கன்வாடியில் நடந்த கூட்டத்தில் பிரியங்காவை அவள் பிடித்துக்கொண்டது அந்தப் பெருமையில்தான். பிரியங்காவுக்கு இருபத்திரண்டு வயது. புத்தூர் காலேஜில் படித்தவள். அவள் மகன் சிரஞ்சீவிக்கு அப்போது ஒன்பது மாதம். பால் குடிக்கும்போது கடித்துக்கொண்டே இருந்தான். அந்தப் பக்கத்தில் பால் மறக்கடிக்க வேண்டுமென்றால் மார்க்காம்பில் வேப்பிலையை அரைத்துப் பூசுவார்கள், அல்லது வேப்பெண்ணெய் தடவுவார்கள். இரண்டு நாளில் பிள்ளை தானாக விலகிவிடும். பிரியங்காவுக்கு மறக்கடிக்கும் எண்ணமில்லை. கடிப்பது மட்டும் நின்றால் போதும் என்று ஒரு நாள் வேப்பிலை பூசினாள். அது தாட்சாயணியின் காதுக்கு வந்துவிட்டது.

"நீ டிகிரி படிச்ச பொண்ணுதானே?" என்று இருபது பெண்களுக்கு எதிரில் கேட்டாள். "பெத்த புள்ள வாயில கசப்ப வெக்க உனுக்கு எப்டி மனசு வந்துச்சி?"

"கடிச்சி ரத்தம் வந்துட்ச்சிக்கா."

"ரத்தம் வந்தா? ஏன், ஊர்ல எந்தப் புள்ளயும் கடிக்கலியா? உன்து மட்டும் சிங்கமா?"

பெண்கள் சிரித்தார்கள். பிரியங்கா சேலைத் தலைப்பை எடுத்துப் பையனின் வாயைத் துடைத்தாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு அவள் கூட்டத்துக்கு வரவில்லை. தாட்சாயணி அவள் வீட்டுக்குப் போனாலும் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவாள்.

அன்று தரணிக்கு ஏழு மாதம். வாயில் ஒரு பல்கூட இல்லை.

ஜூலையில் கீழே இரண்டு பல் வந்தன. மாதக் கடைசியில் மேல் ஈறு வெள்ளை கட்டி, அங்கேயும் இரண்டு அரிசி முனை தெரிந்தன. கீழ்ப்பல் மட்டும் இருந்தவரை கடி பொறுக்கிற மாதிரிதான் இருந்தது. மேலும் கீழும் சேர்ந்தபோது அது வேறு கதையாகிவிட்டது. மூன்று நாளில் இடது காம்பில் வெடிப்பு விழுந்தது. ரவிக்கை உரசினாலே உயிர் போனது. கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று தாட்சாயணி இருநூறு பேருக்காவது சொல்லியிருப்பாள். இழுக்காதே. பிள்ளையை இன்னும் கிட்டே அணைத்துக்கொள், மூச்சு முட்டித் தானாக வாயைத் திறக்கும். வாயோரத்தில் சுண்டு விரலை விட்டு எடு. குடிக்க வைப்பதற்கு முன்னால் ஈரத் துணியைக் கடிக்கக் கொடு. பால் கொடுப்பதை நிறுத்தாதே, நிறுத்தினால் சுரப்பு இறங்கிவிடும். இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள்.

திங்கட்கிழமை மதியம். காலையிலிருந்து நாற்பது வீடு சர்வே முடித்துவிட்டு வந்திருந்தாள். புருஷன் வெங்கடரமணன் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அந்த வாரம் பகல் ஷிஃப்ட். மாமனார் மாசிலாமணிதான் பகலெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். அவர் பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தார். தாட்சாயணி சுவரில் சாய்ந்து மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே, மற்றொரு கையில் ஃபோனை வைத்து சர்வேயை ஏற்றிக்கொண்டிருந்தாள். தரணி கடித்தாள். தாட்சாயணி கத்தினாள். அந்தச் சத்தம் வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும், பிள்ளை காம்பை விடாமலே சிரித்தது. சிரித்துவிட்டு இன்னொரு முறை, இன்னும் அழுத்தி.

இந்த முறை ரத்தம் வந்தது.

பிள்ளையைப் பாயில் போட்டுவிட்டு எழுந்தாள். ஜன்னலில் மாமனாரின் முட்டி வலிக்கு வைத்திருந்த வேப்பெண்ணெய் பாட்டில் இருந்தது. விரல் தானாகப் போனது என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்ளப் பார்த்தாள். தானாகப் போகவில்லை. மூடி இறுகியிருந்தது. முந்தானையால் பிடித்துத் திருகித்தான் திறந்தாள். யோசிக்க அவ்வளவு நேரம் இருந்தது. ஒரே ஒரு தடவை, கடித்தால் கசக்கும் என்று தெரியட்டும், என்று அவள் வாய்விட்டே சொன்னாள். பிரியங்காவும் அதே ஒரே ஒரு தடவைதான் பூசியிருந்தாள்.

தரணி வழக்கம்போல வாயைத் திறந்துகொண்டு ஆவலாக வந்தாள். வாய் வைத்தாள். ஒரு நொடி முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு நாக்கு வெளியே வந்தது, உடம்பு உதறியது, குமட்டியது. அழுகை அதற்கும் பிறகுதான். அழுவதற்கு முன்னால் பிள்ளை தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தது. கோபமில்லை அதில். இது எங்கிருந்து வந்தது என்று அம்மாவிடம் கேட்கிற பார்வை.

அடுத்த நிமிடமே தாட்சாயணி பதறிப்போனாள். வேப்பெண்ணெய் சின்னப் பிள்ளை வயிற்றில் போனால் வாந்தி வரும், வலிப்புகூட வரும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஈரத் துணியால் பிள்ளையின் நாக்கைத் துடைத்தாள். தன் மார்பை சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினாள். பாட்டிலைக் கொல்லையில் கொட்டிவிட்டுக் காலி பாட்டிலைக் குப்பையின் அடியில் செருகினாள். சாயங்காலம்வரை சர்வேக்குப் போகாமல் பிள்ளையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வாந்தி இல்லை, வலிப்பு இல்லை. ஆறு மணிக்குப் பால் கொடுக்கத் தூக்கியபோது தரணி முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கத்தினாள். இரவும் குடிக்கவில்லை. காலையிலும் இல்லை. ரவிக்கைக் கொக்கியில் கை வைத்தாலே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

பயிற்சிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். வேப்பெண்ணெய் போன்றவற்றைத் தடவக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. தடவிய பிறகு என்ன செய்வது என்று எங்கேயும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை மாசிலாமணி அவளிடம் வந்து நின்றார். நகரியில் முப்பது வருடம் பவர்லூம் ஓட்டியவர். காது கொஞ்சம் மந்தம் என்பதால் எதையும் கொஞ்சம் உரக்கவே சொல்லுவார். அன்று அவர் குரல் எழும்பவில்லை.

"ஏம்மா, ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது."

"சொல்லுங்க மாமா."

"ஞாயித்துக்கெழம கடையில கொழந்த கைய நீட்டிக்கினே கீது. மனசு கேக்கல. பன்ன டீயில தொட்டு ஒரு துண்டு குட்த்தேன். நல்லா துன்னுச்சி. அத்தோட நாக்கு ருசி மாறிட்ச்சி போலக்கீது. அதான் பாலு வாணாம்ன்து." சொல்லிவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "நீதான் அத்தினி தபா சொன்னியே, டீத்தண்ணி காட்டாதீங்கன்னு. நான்தான் கேக்கல."

அது பன்னால் வந்ததில்லை என்று சொல்ல அவளுக்கு ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. வந்து நின்ற இடத்தில் அவள் வேறொன்றைச் சொன்னாள்.

"இனிமே குடுக்காதீங்க மாமா."

மன்னித்துவிடுகிற குரலில் சொன்னாள். அந்தக் குரலைத் தன் காதாலேயே கேட்டாள்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அன்று ஜன்னலில் எண்ணெயைத் தேடினார். இல்லை என்றதும் எதுவும் கேட்காமல் வெறும் கையால் முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

பால் மட்டும் நின்றுவிடக் கூடாது என்று தாட்சாயணி மூன்று மணிக்கொரு தரம் கதவைச் சாத்திக்கொண்டு டம்ளரில் பிழிந்தாள். சர்வேக்குப் போன இடங்களில் யார் வீட்டுக் குளியலறையாவது கேட்டுப் போய்ப் பிழிந்தாள். வெடித்த காம்பு எரிந்தது. எரியட்டும் என்று இருந்தது அவளுக்கு. எடுத்ததைச் சங்கில் ஊற்றிப் புகட்டினால் தரணி பாதி குடித்துப் பாதியைத் துப்பினாள். மற்றபடி கேழ்வரகுக் கஞ்சியில் காலம் போனது. செவ்வாய் காலை டம்ளர் பாதிக்கு வந்தது. புதன் காலை கால் டம்ளர். புதன் சாயங்காலம் டம்ளரின் அடிப்பக்கம் மூடியது, அவ்வளவுதான். திருப்பதியில் சொட்டுச் சொட்டாக ஏறி வந்தது இங்கே அதே மாதிரி சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை வாய் வைத்து உறிஞ்சாமல் கை எத்தனை நாள் ஈடு கொடுக்கும்? ஒரு வாரத்துக்குள் தரணி திரும்பாவிட்டால் அவள் திரும்பும்போது இங்கே ஒன்றும் இருக்காது. இதை மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அவளுக்கு நன்றாகவே தெரியும்.

புதன் சாயங்காலமே நர்ஸ் மாதவியின் ஃபோன் வந்தது. மாதவி காளஹஸ்திக்காரி, தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவாள்.

"தாட்சாயணி, சுக்ரவாரம் மீட்டிங். தாய்ப்பால் வாரம், டாக்டரம்மா ஒஸ்தாரு. நீ பாப்பாவ தப்பக்குண்டா தூக்கிக்கினு ரா. எப்படி அணைச்சிக்கணும், எப்படி குடுக்கணும்னு நீயே உக்காந்து காட்டு. ரெண்டு கிலோ பாப்பா இப்ப எப்படி இருக்குன்னு அந்தரூ சூடாலி, சரேனா?"

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா வருகிறார், தவறாமல் பிள்ளையோடு வந்து எல்லோரும் பார்க்கக் காட்ட வேண்டும். "சரி மேடம்" என்றாள் தாட்சாயணி.

ஃபோனை வைத்த பிறகு மாதவியைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்று யோசித்தாள். கேட்டால் வழி சொல்லுவாள். ஆனால் முதலில் என்ன தடவினாய் என்று கேட்பாள். வழி தெரிந்தவர் இன்னொருவர் ஊரிலேயே இருந்தார். சிரஞ்சீவி இப்போதும் பால் குடிக்கிறான் என்று போன மாதம் ஃபோனில் ஏற்றியது தாட்சாயணிதான்.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் பிரியங்காவின் வீட்டுக்குப் போனாள். பிரியங்கா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பையன் முறத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தான்.

"வாங்க ஆஷாக்கா. இன்னா, ஊசி தேதியா?"

"இல்ல."

"எட போடணுமா? தராசக் காணோம்?"

"இல்ல பிரியங்கா. சும்மா வந்தேன்."

"நீங்க சும்மா வர்ற ஆளா?"

தாட்சாயணி உட்கார்ந்தாள். "இவன் இன்னும் பால் குடிக்கிறானே. அன்னிக்கு நீ அத்த தடவின அப்பறம், திரும்ப எப்டி வந்தான்?"

பிரியங்கா கடலையை உடைப்பதை நிறுத்தவில்லை. "எதுக்கு? அத்தயும் ஃபோன்ல ஏத்தணுமா?"

"பக்கத்து ஊர்ல ஒரு பொண்ணு. அதுவும் தடவிட்ச்சி. கொழந்த இப்ப கிட்டயே வர மாட்டேன்து. பாலு வத்திக்கினு போவுது."

அந்த நேரம் பார்த்து சிரஞ்சீவி முறத்தோடு சேர்ந்து விழுந்தான். அடி ஒன்றும் பெரிதில்லை, ஆனால் ஊரைக் கூட்டுகிற அழுகை. பிரியங்கா அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினாள். திரும்பியவள் பார்வை தாட்சாயணியின் மார்பில் நின்றது. ரவிக்கையின் முன்பக்கம் இரண்டு வட்டமாக நனைந்து, நனைந்தது பரவிக்கொண்டிருந்தது. யாருடைய பிள்ளை அழுதாலும் சுரக்கிற மார்பு. அதற்கு மறைக்கத் தெரியவில்லை.

"அந்தப் பொண்ணு நீங்கதானா?" என்றாள் பிரியங்கா.

தாட்சாயணி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். தலை நிமிரவில்லை. "ஆமா."

"பாலக்காவா!"

"ஆமா."

"இப்டி ஒரு நாள் வந்தா விழுந்து விழுந்து சிரிக்கணும்னு நெனச்சிக்கினு இருந்தேன்." பையனைத் தட்டிக்கொடுத்தாள். "சிரிப்பே வரல, போங்க. இன்னாத்த தடவினீங்க?"

"வேப்பெண்ண."

"எண்ணயா? நான் எலையதான் அரைச்சேன். அது கழுவனா பூட்ச்சி. எண்ண துணியில நிக்கும்க்கா. உள்பாடிய மாத்தினீங்களா?"

"தொவச்சேன். ரெண்டு வாட்டி."

"தொவச்சா போவாது. அன்னிக்கு போட்டிருந்ததத் தூக்கிப் போடுங்க, ரவிக்கையயும் சேர்த்து. சோப்பும் வாணாம், வெறுந்தண்ணி. உங்க பால நீங்களே எட்த்து மேல தடவிக்கோங்க, அந்த வாசன வரணும். முழிச்சிக்கினு இருக்கசொல்லோ குடுக்காதீங்க, ஞாபகம் வந்துடும். மத்தியானம் தூங்கி, பாதி முழிப்பு வருது பாருங்க, கண்ணத் தொறக்காம வாய மட்டும் மெல்லும், அப்போ. ஜன்னல சாத்திட்டு. இவன் மூணாம் நாளு அப்டிதான் வந்தான்."

தாட்சாயணி நோட்டில் எழுதுகிறவள் போல ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

"ஒண்ணு கேக்கறேன். குடிச்சிக்கினே இருக்கசொல்லோ கடிக்காது. வயிறு ரொம்பி வெளயாடசொல்லோதான் கடிக்கும். நீங்க அத்த பாக்கலியா? கையில ஃபோன் இருந்துச்சா?"

தாட்சாயணி மடியிலிருந்த ஃபோனை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வாசல்வரை வந்தபோது பிரியங்கா பின்னாலிருந்து கேட்டாள். "உங்க மாமனாருக்குச் சொல்லிட்டீங்களா? டீக்கடையில போய் உக்காந்துக்கினு, டீய மட்டும் வாணாம்ன்றாராம். எம்மேலதான் தப்பு, நான் குட்த்த பன்னாலதான்னு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு கீறாராம். எங்க வூட்டுக்காரு சொன்னாரு."

"சொல்றேன்" என்றாள் தாட்சாயணி.

வீட்டுக்கு வந்து ரவிக்கையையும் உள்பாடியையும் அடுப்பங்கரைக்குப் பின்னால் வைத்துக் கொளுத்தினாள். அந்தப் புகையிலும் வேப்பெண்ணெய் வாசனை வந்தது. மூன்று மணிக்கு ஜன்னலைச் சாத்தி, தூங்குகிற மகளின் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்தாள். பிள்ளையின் வாய் காற்றை மெல்லத் தொடங்கியது. தாட்சாயணி மூச்சை அடக்கிக்கொண்டு நெருங்கினாள். தரணி மூக்கால் ஒரு முறை முகர்ந்தாள். நின்றாள். பிறகு வாயில் எடுத்தாள். ஐந்து நிமிடம்கூட இருக்காது. ஆனால் விழுங்குகிற சத்தம் கேட்டது. தாட்சாயணி கண்ணீர் பிள்ளையின் மேல் விழாமல் பாய்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தனக்கு இது கிடைக்க நியாயமில்லை என்று அவளுக்குப் பட்டது. கிடைத்ததை வாங்கிக்கொண்டாள்.

மாசிலாமணிக்கு விஷயம் சொன்னதும் இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தார். "வேதநாராயணப் பெருமாளே! நான் வேண்டிக்கினேம்மா. சனிக்கெழம நாகலாபுரத்துக்கு நடந்தே வர்றேன்னு. செருப்பு இல்லாம."

"முட்டி வலியோட நாலு கிலோமீட்டரா மாமா?"

"என் தப்புக்கு நான்தான நடக்கணும்?"

அப்போது சொல்லியிருக்கலாம். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லை என்று அவள் ஒரு காரணம் வைத்துக்கொண்டாள். அது காரணமில்லை என்பதும் தெரிந்தே இருந்தது.

வெள்ளிக்கிழமை அங்கன்வாடி நிறைந்துவிட்டது. டாக்டரம்மா நடு நாற்காலியில். சுவரில் தாயும் பிள்ளையுமாகப் பெரிய படம். மாதவி ஃபோனைக் கையில் தயாராக வைத்திருந்தாள். மாசிலாமணி பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் தூணருகே நின்றார். கூப்பிடும்போது கொண்டுவந்து கொடுப்பதாக ஏற்பாடு. எதிர்ப்பக்கம், எல்லோருக்கும் பின்னால், இடுப்பில் பையனோடு பிரியங்கா. இரண்டு மாதம் கழித்து வந்திருந்தாள்.

தாட்சாயணி பேசத் தொடங்கினாள். எத்தனையோ முறை பேசியது. வாய் தன்பாட்டில் போனது. சீம்பால், ஆறு மாதம், இரண்டு வயது, பல் முளைக்கும் காலம். பல் என்றதும் அடுத்து எப்போதும் வருகிற கேள்வியும் பழக்கத்தில் தானாக வந்துவிட்டது.

"கடிக்குதுன்னு இங்க யாராச்சும் வேப்பெண்ண, வேப்பில தடவறீங்களா?"

அவள் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் உட்கார்ந்திருந்த அத்தனை தலையும் ஒன்றுபோலத் திரும்பிப் பின்னால் பார்த்தது. இரண்டு பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பிரியங்கா சேலைத் தலைப்பை எடுத்துப் பையனின் வாயைத் துடைத்தாள். ஜூன் மாதம் துடைத்த அதே மாதிரி.

அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிற பழக்கத்தை ஊருக்குச் சொல்லிக்கொடுத்தது தான்தான் என்று தாட்சாயணிக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அங்க இன்னாத்துக்குப் பாக்கறீங்க?" என்றாள். குரல் தேவைக்கு மேல் ஓங்கிவிட்டது. "இங்க பாருங்க. நான்தான் தடவனேன். திங்கக்கெழம. வேப்பெண்ண. நாலு நாளா எம்பொண்ணு என்கிட்ட பாலுக்கு வரல. அந்தப் பொண்ணு வழி சொல்லித்தான் நேத்து ஒரு வாட்டி குடிச்சா."

சிரிப்பு நின்றது. "அடிப்பாவி, நீயா?" என்று முன்வரிசையில் யாரோ சொன்னார்கள். டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். மாதவி ஃபோனை இறக்கினாள்.

தாட்சாயணி பார்த்தது அவர்களை அல்ல. வாசலில் மாசிலாமணி நின்றுகொண்டிருந்தார். காது மந்தம், ஆனால் அவள் அவ்வளவு உரக்கச் சொல்லியிருந்தாள். ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய ஒரே மனுஷர். பத்து அடி தூரத்தில், மூன்று நாளாக அவர் சுமந்த தப்பு யாருடையது என்று ஊரோடு ஊராக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பெண்களுக்கு நடுவில் வழி கேட்டு வந்து, தரணியை அவள் மடியில் வைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

"சரி, பாப்பாக்கு குடு, ஒரு ஃபோட்டோ தீஸ்குந்தாம்" என்றாள் மாதவி, கூட்டத்தைத் திரும்ப ஒழுங்குக்குக் கொண்டுவருகிற குரலில். தரணி நன்றாக விழித்திருந்தாள். அம்மா அணைத்ததும் எல்லோருக்கும் எதிரில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மாதவி வேறொரு தாயைக் கூப்பிட்டாள்.

கலைகிறபோது பிரியங்கா அவளைத் தாண்டிப் போனாள். "இன்னிக்கும் மூணு மணிக்கு ஜன்னல சாத்துங்க. உட்டுடாதீங்க" என்று சொன்னாள். நின்று பேசவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் மாசிலாமணி செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தார்.

"மாமா, உங்க மேல ஒண்ணும் தப்பில்லன்னுதான் தெரிஞ்சிட்ச்சே" என்றாள் தாட்சாயணி. மன்னிப்பு என்று ஒன்றை முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து கேட்கப் பார்த்து, வாயில் வந்தது இதுதான்.

"வேண்டிக்கினது கொழந்தைக்காக" என்றார். "உனுக்கோசரம் இல்ல."

வெயில் ஏறித் திரும்பிவந்தபோது வலது முட்டி வீங்கியிருந்தது. வழியில் டீக்கடையில் உட்கார்ந்து நாலு நாளுக்கு அப்புறம் முதல் டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தார். கட்டிலில் உட்கார்ந்து, பழக்கத்தில் ஜன்னலைப் பார்த்தார்.

"எண்ண எங்க?"

"கொட்டிட்டேன் மாமா. அன்னிக்கே."

"நல்ல எண்ண அது" என்றார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் நாகலாபுரம் போய்ப் புது பாட்டில் வாங்கிவந்து ஜன்னலில் வைத்தாள். சாயங்காலம் பார்த்தபோது அது அங்கே இல்லை. கட்டிலுக்கு மேலே ஆணியில் அவர் சட்டை மாட்டுகிற இடத்தில் ஒரு துணிப்பை தொங்கியது, உள்ளே பாட்டில் புடைத்துத் தெரிந்தது. பையின் வாயைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்.

இது நடந்து ஒரு மாதம் ஆகிறது. தரணி நாளுக்கு ஒரு முறை, இரண்டு முறை என்று வந்து, இப்போது விழித்திருக்கும்போதும் குடிக்கிறாள். வலது பக்கம் சுரப்பு பழையபடி வந்துவிட்டது. இடது பக்கம் இன்னும் பாதிதான். மூன்று மணிக்கொரு தரம் பிழிவதை அவள் விடவில்லை. கூட்டத்தில் பேசுகிறாள். முன்பு மாதிரி விரல் நீட்டிக் கேட்பதில்லை. டீக்கடையில் பாலக்கா என்ற பேர் போய், அதைவிட மோசமாக ஒன்று வந்திருக்கிறது. அதுவும் அவள் காதுக்கு வந்துவிட்டது.

நேற்று மதியம் தரணி வயிறு நிறைந்து விளையாடத் தொடங்கி, கடித்துவிட்டாள். ஃபோன் சமையலறையில் இருந்தது. தாட்சாயணி பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளையைக் கிட்டே அணைத்து, வாயோரத்தில் சுண்டு விரலைவிட்டு எடுத்தாள். கத்தவில்லை. ஆனால் கண் மட்டும், அவள் அனுப்பாமலே, ஜன்னலுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்த மாசிலாமணி அவள் பார்த்ததைப் பார்த்தார். கையைத் தூக்கி ஆணியில் தொங்கிய பையை ஒரு முறை தொட்டுவிட்டு, கையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டார்.